ஈயம் ஏன் ஒலிக்கவில்லை? மீக்கடத்திகளை ஒலியால் தட்டிப் பார்க்கும் கலை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாத்தாவுக்கு ஒரு சிறிய வெள்ளிப் பட்டறை இருந்தது. கொலுசு வேலைதான். உருக்குவதற்காகப் பழைய வெள்ளி ரூபாய்களை யாராவது துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். தாத்தா ஒவ்வொரு காசாக எடுத்து, இடது கை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசின் விளிம்பால் மெல்லத் தட்டிக் காதருகே கொண்டுபோவார். நல்ல காசு 'ணிங்ங்ங்' என்று இழுத்துக்கொண்டே போகும். ஈயம் கலந்த கள்ளக் காசு 'டப்' என்று அங்கேயே அடங்கிவிடும். 1940க்கு முந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதற்குப் பிறகு வந்ததில் பாதிதான். அந்த வித்தியாசத்தைக்கூடக் காதாலேயே பிடித்துவிடுவார். "மேல பார்த்தா எல்லாமே வெள்ளிதான் கண்ணு, காதைக் கொடு" என்பார்.

நான் பிறகு இயற்பியல் படித்து, இப்போது பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். மீக்கடத்திகளுக்குள் ஒலியை அனுப்பி ஆராய்கிறார்கள் என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. தாத்தாவின் விரல் நுனிதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் துறையை விளக்க எனக்குத் தெரிந்த நேர்வழி அந்தக் காசுதான், ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காசைத் தட்டும்போது காதுக்கு இரண்டு தனித்தனிச் செய்திகள் வருகின்றன. ஒன்று சுருதி, அதாவது ஒலி எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது. இன்னொன்று கார்வை, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. சுருதியைத் தீர்மானிப்பவை பொருளின் விறைப்பு, எடை, வடிவம். ஒரே எடை, ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால் விறைப்பானது மேல் சுருதியில் ஒலிக்கும், இளகியது கீழ் சுருதியில் ஒலிக்கும். கார்வை வேறு விஷயம். அதிரும் பொருளுக்குள் ஏதோ ஒன்று அந்த அதிர்வின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வெப்பமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. தின்பது அதிகமானால் கார்வை குறையும். ஈயம் கலந்த காசில் நடப்பது அதுதான்.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல கோடி ரூபாய் ஆய்வுக்கூடங்களில் நடப்பதும் கடைசியில் இந்த இரண்டையும் அளப்பதுதான். சுருதியின் இடத்தில் ஒலியின் வேகத்தை அளப்பார்கள், கார்வையின் இடத்தில் ஒலி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பார்கள்.

சரி, மீக்கடத்தி என்றால் என்ன? சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் போகும்போது எலக்ட்ரான்கள் வழியெல்லாம் இடித்துக்கொண்டு போகின்றன. அந்த இடிதான் மின்தடை, கம்பி சூடாவதும் அதனால்தான். 1911 ஏப்ரலில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனபோது, 4.2 கெல்வினில் அதன் மின்தடை சட்டென்று மறைந்துவிட்டது. வெறுமனே குறையவில்லை, இல்லாமலே போய்விட்டது. கெல்வின் அளவு முழுக்குளிரிலிருந்து எண்ணத் தொடங்குவது. சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரி என்றால் அது 313 கெல்வின். ஆன்ஸ் நின்ற இடம் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். இப்படி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடையை முழுக்க இழந்துவிடும் பொருளே மீக்கடத்தி. அந்த வெப்பநிலையை மாறுநிலை வெப்பநிலை என்கிறோம். 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் இன்னொன்றைக் கண்டார்கள். மீக்கடத்தி தன் உள்ளிருந்து காந்தப்புலத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆனால் எவ்வளவு குளிரவைத்துப் பார்த்தும் அது மீக்கடத்தி ஆனதில்லை. செம்பும் தங்கமும் அப்படியே. அந்தக் காசின் ஒலியைக் கெடுத்த ஈயம் இருக்கிறதே, அது 7.2 கெல்வினில் மீக்கடத்தி ஆகிவிடுகிறது. செவ்வாய்ப்பேட்டையில் யாரும் மதிக்காத உலோகம் இந்தத் துறையில் மதிப்புக்குரிய ஆள். இது தற்செயல் அல்ல, காரணம் சற்று நேரத்தில் வரும்.

அதற்கு முன், இவ்வளவு குளிரை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை. ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது, தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அதனால்தான் அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை இறங்கும், அவ்வளவுதான். நீர்ம ஹீலியம் சாதாரண அழுத்தத்தில் 4.2 கெல்வினில் கொதிக்கிறது. அதன் மேலிருக்கும் ஆவியைப் பம்பு வைத்து உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், ஹீலியம் இன்னும் கீழே, ஏறத்தாழ 1 கெல்வின் வரை இறங்கிக் கொதிக்கும். ஹீலியத்தை மலை ஏற்றுகிறார்கள் என்றே சொல்லலாம். அதற்கும் கீழே போக வேறு கருவிகள் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மீக்கடத்தல் என்பது மின்சாரம் சம்பந்தப்பட்டது. அதற்குள் ஏன் ஒலியை அனுப்ப வேண்டும்?

மின்தடை பூஜ்ஜியமானதும் அந்த அளவீட்டின் வேலை முடிந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். 7 கெல்வினிலும் பூஜ்ஜியம், 3 கெல்வினிலும் பூஜ்ஜியம், 1 கெல்வினிலும் பூஜ்ஜியம். உள்ளே என்னவெல்லாமோ மாறிக்கொண்டிருக்கலாம், மீட்டரில் முள் அசையாது. வேறு எதையாவது கேட்டாக வேண்டும்.

இன்னொரு காரணம் ஆழமானது. திடப்பொருளில் ஒலி என்பது அணுக்கள் வரிசையாக முன்னும் பின்னும் ஆடுவது. மீக்கடத்தலுக்கு மூலகாரணமே அந்த ஆட்டம்தான் என்பதற்கு 1950இல் ஒரு தடயம் கிடைத்தது. பாதரசத்தில் எடை கூடிய அணுக்களும் எடை குறைந்த அணுக்களும் உண்டு. வேதியியலில் இரண்டும் ஒன்றுதான், எலக்ட்ரான்களும் ஒன்றுதான். ஆனால் கனத்த பாதரசம் சற்றுக் கீழான வெப்பநிலையில்தான் மீக்கடத்தி ஆனது. எலக்ட்ரான்கள் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் அணுக்கருவின் எடை குறுக்கே வந்திருக்காது. அணுக்கள் ஆடுவதில் ஏதோ இருக்கிறது என்று அப்போது உறுதியானது.

அந்த ஏதோ ஒன்றை, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957இல் முழுக் கோட்பாடாக எழுதினார்கள். அதன் சாரம் இது. எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம், அணு வரிசைக்கு நேர்மின்னூட்டம். ஓர் எலக்ட்ரான் ஓடும் வழியில் பக்கத்து அணுக்கள் அதன்பால் கொஞ்சம் சாய்கின்றன. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடம் தாழ்ந்து, பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை அங்கே உருண்டு வருமல்லவா, அப்படி இன்னொரு எலக்ட்ரான் அந்தச் சாய்வால் ஈர்க்கப்படுகிறது. ஆனால் கட்டில் உவமை ஓர் இடத்தில் தவறிவிடும். அணுக்கள் கனமானவை, மெதுவாக அசைபவை. அவை சாய்ந்து முடிப்பதற்குள் முதல் எலக்ட்ரான் வெகுதூரம் போயிருக்கும். ஆகவே இரண்டாவது வந்து சேரும்போது அங்கே முதலாவது இருக்காது, அது விட்டுப்போன பள்ளம் மட்டும் இருக்கும். ஒன்றையொன்று விலக்க வேண்டிய இரண்டு எலக்ட்ரான்கள் தொலைவில் இருந்தபடியே இணை சேர முடிவது இந்தத் தாமதத்தால்தான். இந்த இணைக்குக் கூப்பர் இணை என்று பெயர்.

ஈயத்தின் மர்மமும் இங்கே அவிழ்கிறது. எந்த உலோகத்தில் எலக்ட்ரான்களுக்கும் அணுக்களின் ஆட்டத்துக்கும் உறவு நெருக்கமோ, அங்கே சாதாரண வெப்பநிலையில் இடி அதிகம், மின்தடையும் அதிகம். ஆனால் அதே நெருக்கம்தான் குளிரில் இணை சேர்த்து வைக்கிறது. வெள்ளியில் அந்த உறவு மிகத் தளர்வு. அதனால் வெள்ளி நல்ல கடத்தியாக இருக்கிறது, மீக்கடத்தி ஆகாமலும் இருக்கிறது.

ஒலியை எப்படி உள்ளே அனுப்புவது? நம்மூர்க் கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டால் குரல் அடியில் பட்டுத் திரும்பும். 20 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் என்றால் நொடியில் எட்டில் ஒரு பங்கு கழித்து வரும். திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு வேகத்தைச் சொல்லலாம், குரல் எவ்வளவு மெலிந்து வருகிறது என்பதைக் கொண்டு வழியில் எவ்வளவு தொலைந்தது என்று சொல்லலாம். ஆய்வுக்கூடத்திலும் இதுவே. படிகத்தின் ஒரு முகத்தில் மெல்லிய குவார்ட்ஸ் அல்லது லித்தியம் நையோபேட் தகட்டை ஒட்டுகிறார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அந்தத் தகடு நெளியும், நெளித்தால் மின்னழுத்தம் தரும். ஆகவே அதுவே வாய், அதுவே காது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த விளைவு இது. ஒரு சிறு ஒலித் துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறார்கள். வெள்ளிக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3,600 மீட்டர் ஓடும், காற்றைவிடப் பத்து மடங்கு. அரை சென்டிமீட்டர் தடித்த வெள்ளித் துண்டில் எதிரொலி திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு நேரம்கூட ஆகாது.

இந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. நொடிக்குப் பல லட்சம், பல கோடி அதிர்வுகள், அதாவது மீயொலி. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஏதாவது ஸ்கேன் சென்டருக்குப் போய் வயிற்றைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே அதிர்வெண்தான். அங்கே எம்.ஆர்.ஐ. கருவியும் இருந்தால், அதன் பெரிய காந்தச் சுருள் பெரும்பாலும் நையோபியம், டைட்டேனியம் கலந்த மீக்கடத்திக் கம்பியால் ஆனது, நீர்ம ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் மீயொலி, அடுத்த அறையில் மீக்கடத்தி. இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவருவதுதான் நம் கதை.

முதல் பெரிய விடை 1954இல் கிடைத்தது. ஹான்ஸ் பெம்மல் என்பவர் ஈயத்துக்குள் மீயொலியை அனுப்பிக் குளிரவைத்தார். ஆமாம், ஈயம்தான். மிகக் குளிரில் தூய உலோகத்தில் ஒலியை அதிகம் தின்பவை கட்டற்று ஓடும் எலக்ட்ரான்களே. அணு வரிசை ஆடும்போது அவையும் கூடவே அலைக்கழிக்கப்பட்டு ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. ஈயம் 7.2 கெல்வினைத் தாண்டிக் கீழே இறங்கியதும் இந்தத் தின்னல் சட்டென்று குறையத் தொடங்கியது. மீக்கடத்தி ஆன ஈயத்துக்கு அந்த மீயொலியில் கார்வை வந்துவிட்டது! இதைப் படித்த அன்று எனக்குத் தாத்தாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் அப்போது இல்லை.

ஏன் அப்படி? கூப்பர் இணையைப் பிரிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அதற்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். மீயொலி சிறுசிறு பொட்டலங்களாகத்தான் ஆற்றலைக் கொடுக்க முடியும், அந்தப் பொட்டலம் இணையைப் பிரிக்கத் தேவையானதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. ஆகவே இணை சேர்ந்த எலக்ட்ரான்கள் ஒலியைத் தொடவே முடியாது. வெப்பத்தால் இன்னும் தனியாகத் திரியும் எலக்ட்ரான்கள் மட்டுமே தின்ன முடியும். குளிரக் குளிர அவை அருகிக்கொண்டே போகின்றன, ஒலியின் இழப்பும் அதே கணக்கில் சரிகிறது. அந்தச் சரிவின் வடிவத்திலிருந்து ஆற்றல் இடைவெளியின் அளவையே கணக்கிட்டு எடுக்கலாம். 1957இல் மோர்ஸ், போம் இருவரும் அப்படித்தான் எடுத்தார்கள். இணையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதைப் பிரிக்க என்ன விலை என்பதை ஒலியின் கார்வை சொல்லிவிட்டது.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அது. ஹெபல், ஸ்லிக்டர் இருவரும் அலுமினியத்தில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடு செய்தார்கள். அணுக்கருவின் சிறு காந்தத்தைச் சாய்த்துவிட்டு, எலக்ட்ரான்களோடு உரசி அது எவ்வளவு விரைவில் பழைய நிலைக்கு வருகிறது என்று பார்ப்பது. அங்கேயும் வேலை செய்பவை அதே தனித்திரியும் எலக்ட்ரான்கள்தான். ஆகவே ஒலி இழப்பு குறைந்தால் இதுவும் குறைய வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர் எதிர். மாறுநிலை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே அது முதலில் கூடியது, பிறகுதான் குறைந்தது. ஒரே எலக்ட்ரான்கள் ஒரு கேள்விக்கு 'குறைந்துவிட்டோம்' என்றும், இன்னொரு கேள்விக்கு 'பெருகிவிட்டோம்' என்றும் பதில் சொன்னால் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் என்று காட்டியதுதான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் கோட்பாட்டின் பெரிய வெற்றி. மீக்கடத்தியில் ஓர் எலக்ட்ரான் நகர்வது தனி நிகழ்வாக இருப்பதில்லை, அதன் இணைக்கு உரிய நகர்வும் கூடவே பின்னிக்கொள்கிறது. ஏற்காடு ஏரியில் இரண்டு படகுகள் எழுப்பும் அலைகளைக் கவனித்தால், முகடும் முகடும் சந்திக்கும் இடத்தில் நீர் எழும்பும், முகடும் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் அடங்கிவிடும். ஒலி தள்ளும்போது அந்த இரு நகர்வுகளும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. அணுக்கருவின் காந்தம் தள்ளும்போது ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. ஒலி அளவீடு மட்டும் இருந்திருந்தால் 'எலக்ட்ரான்கள் குறைந்தன' என்று யாரும் எளிதாகக் கடந்துபோயிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் எலக்ட்ரான்கள் உண்மையிலேயே இணை சேர்ந்திருக்கின்றன என்று ஐயமின்றித் தெரிந்தது. அந்த மூவருக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சொன்னது கார்வையின் கதை. இனிச் சுருதியின் கதை. இங்கே திசை என்ற ஒன்று உள்ளே வருகிறது.

ஒரு வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்து வெண்பட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பாவு நூல் ஓடும் வாக்கில் இரண்டு கையாலும் இழுங்கள். நீளாது, விறைப்பாக நிற்கும். ஊடை வாக்கில் இழுத்தாலும் அப்படியே. இப்போது மூலைவாட்டில் இழுங்கள், துணி இளகிக் கொடுக்கும். எந்த நூலும் நீளவில்லை, பாவுக்கும் ஊடைக்கும் இடையே இருந்த செங்கோணம் மட்டும் சாய்ந்துவிட்டது. ஆக ஒரே துணிக்கு ஒரே விறைப்பு இல்லை, எப்படி இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு விறைப்பு. படிகமும் அணுக்களால் நெய்த துணிதான், முப்பரிமாணத்தில். கனசதுர அமைப்புள்ள படிகத்துக்கு மூன்று தனி விறைப்பு எண்கள் உண்டு. நாற்கோணத் தூண்போல் ஒரு பக்கம் மட்டும் நீண்ட படிகத்துக்கு ஆறு. மூன்று பக்கமும் வேறுவேறு நீளம் என்றால் ஒன்பது.

இந்த எண்கள் இரண்டு குடும்பமாகப் பிரியும். அணு வரிசையை அமுக்கி அதன் கன அளவை மாற்றும் வகை ஒன்று. கன அளவு மாறாமல் கோணத்தை மட்டும் சாய்க்கும் வகை இன்னொன்று, பாடப்புத்தகம் இதைச் சறுக்குப் பெயர்ச்சி என்கிறது. இரண்டுக்கும் ஒலி உண்டு. காற்றில் வரும் ஒலி அமுக்கும் வகை மட்டுமே, ஏனென்றால் காற்றைச் சாய்த்தால் அது திமிறாது. திடப்பொருளில் சாய்க்கும் ஒலியும் ஓடும். வெள்ளியில் அது அமுக்கும் ஒலியின் பாதி வேகத்துக்கும் குறைவாக ஓடுகிறது.

எல்லா விறைப்பையும் ஒரே மூச்சில் அளக்க ஓர் அழகான வழி இருக்கிறது. நிலவியலாளர்கள் கனிமத் துண்டுகளுக்காக வளர்த்த முறை அது. பிறகு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஆல்பர்ட் மிக்லியோரி குழுவினர் அதை மீக்கடத்திகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒத்ததிர்வு மீயொலி நிறமாலையியல் என்று நீளமாகச் சொல்வார்கள். செயல் மிக எளிது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள படிகத்தைச் செவ்வகப் பெட்டியாகத் தேய்த்து, எதிரெதிர் மூலைகள் மட்டும் படும்படி இரண்டு தகடுகளுக்கு இடையே நிறுத்துகிறார்கள். அழுத்திப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் அதன் இயல்பான அதிர்வு கெட்டுவிடும். தாத்தா காசை விரலிடுக்கில் பிடிக்காமல் நுனியில் நிறுத்தியதும் இதற்காகத்தான். ஒரு தகடு அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும், மற்றது கேட்கும். படிகத்தின் இயல்பான சுருதிகளில் ஒன்று வரும்போது ஒலி பளிச்சென்று எழும். அவ்வளவு சிறிய துண்டுக்கு இந்தச் சுருதிகள் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கும், ஒன்றல்ல, பத்துக்கணக்கில் வரும். எந்த விறைப்பு எண்களை வைத்தால் இத்தனை சுருதியும் சரியாக வரும் என்று கணினியில் பொருத்திப் பார்த்தால் எல்லா எண்களும் கிடைத்துவிடும்.

வடிவமும் திசையும் சுருதியை எப்படிப் பாதிக்கும் என்று வீட்டிலேயே கேட்கலாம். கைப்பிடி உள்ள பீங்கான் காபிக் கோப்பையின் விளிம்பைக் கரண்டியால் தட்டுங்கள். முதலில் கைப்பிடிக்கு நேர் எதிரே, பிறகு அங்கிருந்து அரைக்கால் சுற்று தள்ளி. இரண்டும் வேறு சுருதி. கைப்பிடி இல்லாத வட்ட டம்ளரில் எங்கே தட்டினாலும் ஒன்றுதான். கோப்பையின் வட்டச் சமச்சீரைக் கைப்பிடி குலைத்ததும், ஒன்றாக இருந்த சுருதி இரண்டாகப் பிரிந்துவிட்டது. சமச்சீரைக் காதால் கேட்க முடியும் என்பதற்கு இதைவிட மலிவான நிரூபணம் எனக்குத் தெரியாது.

இதை வைத்து மீக்கடத்தியிடம் என்ன கேட்கிறார்கள்? கூப்பர் இணைகள் எல்லாப் பொருளிலும் ஒரே மாதிரி சேர்வதில்லை. ஈயத்தில் இணை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அதை விவரிக்க ஒரே ஓர் அளவு போதும், தண்ணீர்த் தொட்டியில் மட்டம் எவ்வளவு என்று சொல்வதுபோல. சில பொருள்களில் ஒன்றுக்கொன்று சமமான இரண்டு அளவுகள் தேவைப்படலாம். வெள்ளிக்கடைத் தராசைப்போல இரண்டு தட்டு. முதலாவதை ஒற்றைக் கூறு என்றும் இரண்டாவதை இரட்டைக் கூறு என்றும் சொல்லிக்கொள்வோம். எது என்று தெரிந்தால், இணை எப்படிச் சேர்கிறது என்ற பட்டியலில் பாதிப் பெயர்களை ஒரேயடியாக அடித்துவிடலாம்.

ஒலி இதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. முதலில் அமுக்கும் ஒலி. படிகத்தை அமுக்கினால் மாறுநிலை வெப்பநிலை கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். தொட்டி என்றால் மட்டம் அசையும், தராசு என்றால் இரண்டு தட்டும் சேர்ந்து அசையும். உள்ளே ஏதோ ஒன்று அமுக்கத்துக்கு இசைந்து கொடுக்கிறது. இசைந்து கொடுத்தால் பொருள் அந்த அளவுக்கு இளகும். ஆகவே மீக்கடத்தல் தொடங்கும் அந்த இடத்தில் அமுக்கும் ஒலியின் வேகம் சட்டென்று ஒரு படி இறங்கும். இது எல்லா மீக்கடத்திக்கும் பொது, இதிலிருந்து வகை தெரியாது.

இப்போது சாய்க்கும் ஒலி. படிகத்தை வலப்பக்கம் சாய்ப்பதும் இடப்பக்கம் சாய்ப்பதும் கண்ணாடிப் பிம்பங்கள். தொட்டிக்கு மட்டம் ஒன்றுதான் உண்டு. வலப்பக்கம் சாய்த்தால் மட்டம் ஏறும் என்றால் இடப்பக்கம் சாய்த்தாலும் அதே அளவு ஏற வேண்டும், இரண்டும் ஒன்றே ஆகையால். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டிய பொருள், மிகச் சிறிய சாய்வுக்குப் பதிலே சொல்லாது. ஆகவே ஒற்றைக் கூறு மீக்கடத்தியில் சாய்க்கும் ஒலியின் வேகம் படி இறங்காது, அதன் போக்கு மட்டும் லேசாகத் திரும்பும். தராசு அப்படியல்ல. வலப்பக்கம் சாய்த்தால் ஒரு தட்டு ஏறி மற்றது இறங்கும், இடப்பக்கம் சாய்த்தால் மாறி நடக்கும். மிகச் சிறிய சாய்வுக்கும் தராசு இசைந்து கொடுக்க முடியும். கொடுத்தால் இளகும், இளகினால் வேகம் படி இறங்கும்.

ஆக, சாய்க்கும் ஒலியில் படி இருந்தால் இரட்டைக் கூறு. இந்தக் கேள்வியைக் கேட்க மின்தடைக்கு வழியே இல்லை. வெப்ப ஏற்புத்திறனும் திசை அறியாது. ஒலிக்குத் திசை தெரியும்.

இந்தச் சோதனை பெரும் பரபரப்பைக் கிளப்பியது ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் என்ற பொருளில். ஸ்ட்ரான்சியம் இரண்டு, ருத்தேனியம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு சேர்ந்த படிகம். யோஷிதேரு மாயெனோ குழுவினர் 1994இல் அதன் மீக்கடத்தலைக் கண்டறிந்தார்கள், தூய படிகத்தில் மாறுநிலை வெப்பநிலை 1.5 கெல்வின். இணை சேரும் எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே பக்கம் இருக்கும் அரிய வகை இது என்று 1998இல் வந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடுகள் சொல்ல, இருபது ஆண்டுகள் பலரும் அப்படியே நம்பினார்கள். 2019இல் அந்த அளவீட்டை மீண்டும் கவனமாகச் செய்தபோது, அனுப்பிய துடிப்புகளே படிகத்தைச் சூடாக்கி முடிவைக் கெடுத்திருந்தது தெரியவந்தது. பழைய விடை விழுந்துவிட்டது. அப்படியானால் இது எந்த வகை?

2021இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒலியைக் கையில் எடுத்தன. கார்னல் பல்கலைக்கழகத்தில் பிராட் ராம்ஷா குழு மூலைகளில் நிறுத்தித் தட்டும் முறையைக் கையாண்டது. பிரான்சின் துலூஸ் நகரில் சிரில் புரூஸ்ட் குழு எதிரொலி முறையைக் கையாண்டது. வேட்டியை மூலைவாட்டில் இழுத்தோமே, சரியாக அந்தச் சாய்ப்பு ஒலியின் வேகம் மீக்கடத்தல் தொடங்கும் இடத்தில் படி இறங்குவதை இரண்டு குழுவும் கண்டன. மிகமிகச் சிறிய படி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேக மாற்றத்தையும் பிடிக்கும் நுட்பம் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. இரண்டு வேறு முறைகள், ஒரே பதில்: தராசு.

அதோடு வழக்கு முடிந்ததா என்றால் இல்லை. இரண்டு தட்டு உண்மையிலேயே இருந்தால், படிகத்தை ஒரு பக்கமாக நெருக்கும்போது தட்டுகள் சமம் இழந்து, கோப்பையின் சுருதிபோல மாறுநிலை வெப்பநிலையும் இரண்டாகப் பிரிய வேண்டும். மியூவான் என்ற நுண்துகள்களை உள்ளே செலுத்திப் பார்த்தவர்கள் பிரிகிறது என்கிறார்கள். வெப்ப ஏற்புத்திறனை அளந்தவர்கள் இரண்டாவது மாற்றம் தெரியவே இல்லை என்கிறார்கள். இரு பக்கமும் கவனமான ஆட்கள். ஒலி சொன்னதை நான் நம்புகிறேன், ஏனென்றால் சமச்சீர் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அந்த இரண்டு தட்டும் இயல்பாகவே சமமா, தற்செயலாக நெருங்கி வந்தவையா என்று ஒலி மட்டும் சொல்லிவிடாது.

யுரேனியமும் டெலூரியமும் சேர்ந்த இன்னொரு படிகம் இருக்கிறது, யுரேனியம் டைடெலூரைடு. 2019இல் அதன் மீக்கடத்தல் உலகுக்குத் தெரிந்தது. சில திசைகளில் 40 டெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தப்புலத்திலும் அது மீக்கடத்தியாக நிற்கிறது. எம்.ஆர்.ஐ. அறையில் இருப்பது பெரும்பாலும் 1.5 டெஸ்லாதான். இவ்வளவு முரட்டுப் பொருளில் இணை சாதாரணமாகச் சேர்ந்திருக்க முடியாது, இரட்டைக் கூறாகவே இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ராம்ஷா குழு அதற்குள்ளும் ஒலியை அனுப்பி, சாய்க்கும் வகைகள் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டது. 2024இல் வந்த முடிவில் அமுக்கும் ஒலியில் படி இருந்தது. சாய்க்கும் ஒலி மூன்றிலும் படி இல்லை. தராசு அல்ல, தொட்டிதான். இரட்டைக் கூறை நம்பி எழுதப்பட்ட விளக்கங்கள், சாதாரண அழுத்தத்தில் உள்ள அந்தப் படிகத்துக்குப் பொருந்தாமல் போயின. ஒற்றைக் கூறாக இருந்துகொண்டே அவ்வளவு காந்தப்புலத்தை அது எப்படித் தாங்குகிறது என்பதுதான் இப்போது பலரும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.